பாறை இடுக்கில் ஓடும் மின்சாரம்

நம் காலடி மண்ணிலும் அதற்குக் கீழுள்ள பாறையிலும் எந்நேரமும் மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கிறது. அதை எந்த மின்நிலையமும் அனுப்பவில்லை. பூமியின் காந்தப்புலம் ஒரு நொடிகூட அசையாமல் நிற்பதில்லை. மாறுகிற காந்தப்புலம் அருகில் இருக்கும் கடத்தியில் மின்னோட்டத்தைத் தூண்டும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். ஆய்வுக்கூடத்துச் செம்புச் சுருளுக்குப் பொருந்தும் அந்த விதி, ஒரு கண்டம் முழுவதற்கும் அப்படியே பொருந்துகிறது.

இந்த நிலமின்னோட்டத்தை முதலில் நேரில் சந்தித்தவர்கள் தந்தித் துறையினர். 1847-இல் இங்கிலாந்தின் டெர்பி நகரிலிருந்து சென்ற ரயில்வே தந்திக் கம்பிகளில், யாரும் செய்தி அனுப்பாத வேளையிலும் கருவியின் முள் தானாக அசைவதைப் பொறியாளர் வில்லியம் ஹென்றி பார்லோ கவனித்தார். 1859 செப்டம்பர் தொடக்கத்தில் சூரியனிலிருந்து பெரும் காந்தப் புயல் வந்து தாக்கியது. அப்போது அமெரிக்காவின் பாஸ்டனிலும் போர்ட்லாண்டிலும் இருந்த தந்தி ஊழியர்கள் மின்கலங்களைக் கழற்றி வைத்துவிட்டு, தூண்டப்பட்ட மின்னோட்டத்தைக் கொண்டே ஒருவரோடு ஒருவர் செய்தி பரிமாறிக்கொண்டார்கள்.

தந்திக்கு இடைஞ்சலாக இருந்த அதே மின்னோட்டம் புவி அறிவியலுக்குப் பெரும் கொடையாக அமைந்துவிட்டது. நிலத்தின் மேற்பரப்பில் இருந்தபடியே நூறு, இருநூறு கிலோமீட்டர் ஆழத்துப் பாறையின் நிலையை அதைக் கொண்டு அறிய முடிகிறது. இந்த முறைக்கு மேக்னட்டோடெல்லூரிக் ஆய்வு என்று பெயர். புவிமின்காந்த ஆய்வு என்று சொன்னாலும் பொருந்தும்.

துளைத்து எட்ட முடியாத ஆழம்

பூமியின் மேலோடும், அதன் அடியில் இருக்கும் கவசத்தின் இறுகிய மேற்பகுதியும் சேர்ந்ததுதான் பாறைக்கோளம். புவித்தட்டுகளாகப் பிளந்து நகர்வது இந்தக் கோளம்தான். மலை எழுவதும், எரிமலை வெடிப்பதும், நிலம் நடுங்குவதும் பெரும்பாலும் இதன் நகர்வால்தான். கடலடியில் இது நூறு கிலோமீட்டருக்குள் முடிந்துவிடும். தொன்மையான கண்டங்களின் அடியில் 200 கிலோமீட்டரையும் தாண்டும். அதற்குக் கீழே, வெப்பத்தால் நெகிழ்ந்து மிக மெதுவாக ஒழுகக்கூடிய மென்பாறைக்கோளம் இருக்கிறது.

இந்த ஆழத்தை நேரில் எட்டிப் பார்க்க மனிதர்கள் செய்த மிகப் பெரிய முயற்சி, ரஷ்யாவின் கோலா தீபகற்பத்தில் 1970-இல் தொடங்கியது. 1989-இல் அந்தத் துளை 12,262 மீட்டரை எட்டியது. அங்கே வெப்பம் 180 டிகிரி செல்சியசைத் தொட்டதால் மேற்கொண்டு துளைப்பது இயலாமல் போனது. அவ்வளவு பாடுபட்டும் அந்த இடத்து மேலோட்டின் தடிமனில் மூன்றில் ஒரு பங்கைத்தான் கடந்திருந்தார்கள்.

எனவே ஆழத்தை மறைமுகமாகத்தான் அறிய வேண்டும். நிலநடுக்க அலைகள் இதற்கு நெடுங்காலமாகக் கைகொடுத்து வருகின்றன. மேலோட்டுக்கும் கவசத்துக்கும் இடையிலான எல்லையை 1909-இல் அறிவியலாளர் மோகொரோவிச்சிச் கண்டது அவற்றைக் கொண்டுதான். ஆனால் அலைகளின் வேகம் பாறைக்குப் பாறை பெரிதாக வேறுபடுவதில்லை. மேலோட்டுக் கருங்கல்லில் நொடிக்கு 6 கிலோமீட்டர் அளவில் செல்லும் அலை, கவசத்தின் மேற்பகுதியில் 8 கிலோமீட்டர் அளவில் செல்கிறது.

பாறை மின்னோட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் மின்தடை எண்ணை எடுத்துக்கொண்டால் நிலைமை அடியோடு மாறுகிறது. உலர்ந்த கருங்கல்லின் மின்தடை எண் பல்லாயிரம் ஓம்-மீட்டர். கடல்நீருக்கு அது ஏறத்தாழ 0.3 ஓம்-மீட்டர். ஆழத்தில் தேங்கிய, உப்பு மிகுந்த சூடான நீர் அதையும்விட எளிதாக மின்சாரத்தைக் கடத்தும். கிராஃபைட் இவை எல்லாவற்றையும் விஞ்சி, பத்தாயிரத்தில் ஒரு பங்கு ஓம்-மீட்டருக்கும் கீழே இறங்கிவிடும். ஓர் இயற்பண்பு பாறைக்குள்ளேயே கோடி மடங்குக்கும் மேல் வேறுபடுகிறது என்றால், அதை அளக்கத் தெரிந்தவருக்கு அது எவ்வளவு கூர்மையான கருவி!

மின்னலும் சூரியக் காற்றும்

இந்த ஆய்வுக்கு நாம் மின்சாரம் செலுத்த வேண்டியதில்லை. இயற்கையே இரண்டு இடங்களிலிருந்து அதைத் தருகிறது. உலகம் முழுவதும் ஒவ்வொரு நொடியும் நாற்பதுக்கும் மேற்பட்ட மின்னல்கள் வெட்டுகின்றன. அவற்றில் பிறக்கும் மின்காந்த அலைகள் தரைக்கும் அயனிமண்டலத்துக்கும் இடையே சிக்கி, பூமியைச் சுற்றிச் சுற்றி ஓடுகின்றன. நொடிக்கு ஒருமுறைக்கு மேல் அதிரும் வேகமான அலைகள் இப்படி வருபவை. அதைவிட மெதுவான அலைகள் சூரியனால் வருபவை. சூரியக் காற்று பூமியின் காந்தமண்டலத்தில் மோதும்போதெல்லாம் வானில் பெரும் மின்னோட்டங்கள் எழுகின்றன. அவற்றின் காந்தப்புலம் தரை வரை எட்டுகிறது.

இந்த மாற்றங்கள் மிகச் சிறியவை. பூமியின் காந்தப்புலம் இடத்தைப் பொறுத்து 25,000 முதல் 65,000 நானோடெஸ்லா வரை இருக்கும். அதில் ஒரு நானோடெஸ்லா அளவும் அதற்குக் குறைவாகவும் நிகழும் அசைவுகளைத்தான் ஆய்வாளர் தேடுகிறார்.

இயற்கையின் இந்த அலைகளைக் கொண்டு ஆழத்தை அளக்கலாம் என்று ரஷ்யக் கணிதவியலாளர் ஆந்திரே திகொனோவ் 1950-இலும், பிரெஞ்சு இயற்பியலாளர் லூயி கான்யார் 1953-இலும் எழுதினார்கள். ஜப்பானில் சுனேஜி ரிகிதாகேயும் ஏறத்தாழ அதே காலத்தில் அதே முடிவை நெருங்கியிருந்தார். அவர்கள் கண்ட அடிப்படை எளிமையானது. வேகமாக அதிரும் அலை நிலத்துக்குள் சிறிது தொலைவிலேயே வலுவிழந்துவிடும். மெதுவாக அதிரும் அலை ஆழமாக இறங்கும். அலை எட்டும் ஆழம், அதன் அலைவு நேரத்தையும் பாறையின் மின்தடை எண்ணையும் பெருக்கி வரும் தொகையின் வர்க்கமூலத்தைச் சார்ந்தது. அந்த வர்க்கமூலத்தில் பாதியை எடுத்தால் கிலோமீட்டரில் ஆழம் கிடைத்துவிடும்.

பாறையின் மின்தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று கொள்வோம். நொடியில் நூறுமுறை அதிரும் அலை அரைக் கிலோமீட்டர் இறங்கும். ஒரு நொடி அலைவு நேரம் கொண்டது 5 கிலோமீட்டர் போகும். 100 நொடி கொண்டது 50 கிலோமீட்டர் போகும். 10,000 நொடிக்கு ஒருமுறை, அதாவது மூன்று மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவான இடைவெளியில் அதிரும் அலை, 500 கிலோமீட்டரை எட்டி மென்பாறைக்கோளத்தையும் கடந்துவிடும். ஒரே இடத்தில் கருவியை வைத்துவிட்டு, வேகமான அலையிலிருந்து மெதுவான அலை வரை வரிசையாகப் பிரித்துப் பார்த்தால், ஆழம் ஆழமாகப் பாறையின் தன்மை வெளிப்படும்.

அளக்க வேண்டியது இரண்டு: தரையில் காந்தப்புலம் எவ்வளவு மாறியது, அதனால் நிலத்தில் எவ்வளவு மின்புலம் தோன்றியது. நூறு நொடி அலைவு நேரத்தில் காந்தப்புலம் ஒரு நானோடெஸ்லா அசைந்தபோது, நிலத்தில் கிலோமீட்டருக்கு ஒரு மில்லிவோல்ட் மின்புலம் எழுந்தால், அடியில் உள்ள பாறையின் மின்தடை எண் 20 ஓம்-மீட்டர். அதே அசைவுக்குப் பத்து மில்லிவோல்ட் எழுந்தால் 2,000 ஓம்-மீட்டர். நன்கு கடத்தும் பாறையில் மின்புலம் தங்காது. கடத்தாத பாறையில் ஓங்கி நிற்கும்.

தரையில் ஓர் அளவை நிலையம்

களத்தில் இந்த வேலை பெரும் பொறுமை கேட்பது. வடக்கு தெற்காகவும் கிழக்கு மேற்காகவும் ஐம்பது முதல் நூறு மீட்டர் நீளத்துக்குக் கம்பி இழுப்பார்கள். ஒவ்வொரு முனையிலும் குழி தோண்டி, காரீயமும் காரீயக் குளோரைடும் கொண்ட மின்முனையைப் பதிப்பார்கள். வெறும் இரும்புக் கம்பியை நட்டால் மண்ணோடு வேதிவினை புரிந்து தானே மின்னழுத்தத்தை உண்டாக்கிவிடும். அது நாம் தேடும் குறிப்பைவிடப் பெரிதாக இருக்கும். மின்முனையைச் சுற்றி ஈரம் காயாமலிருக்கப் பெண்டோனைட் களிமண்ணைக் குழைத்து வைப்பார்கள். மூன்று திசைகளில் காந்த உணரிகளை மண்ணுக்குள் புதைப்பார்கள். காற்றில் உணரி ஒரு மயிரிழை ஆடினாலும் அளவு கெட்டுவிடும்.

மேலோட்டை மட்டும் ஆராய ஓரிரு நாள் பதிவு போதும். பாறைக்கோளத்தின் அடி வரை போக வேண்டுமானால் அதே இடத்தில் வாரக்கணக்கில் கருவி இருக்க வேண்டும். அதற்குள் மாடு கம்பியைக் கடிக்கும். எலி கத்தரிக்கும். மழைநீர் குழிக்குள் இறங்கும். இவற்றைவிடப் பெரிய தொல்லை மனிதரின் மின்சாரம். மின்கம்பி, நீரேற்று மோட்டார், மின்ரயில் ஆகியவை நிலத்தில் கசியவிடும் மின்னோட்டம் இயற்கையின் குறிப்பை மூழ்கடித்துவிடும். கலிபோர்னியாவின் பெர்க்லியில் கேம்பிள், கூபோ, கிளார்க் ஆகிய மூவரும் 1979-இல் இதற்கு வழி கண்டார்கள். தொலைவில் இன்னொரு நிலையத்தை வைத்து இரண்டிலும் ஒரே நேரத்தில் பதிவு செய்தார்கள். சூரியனால் வரும் அசைவு இரண்டு இடத்திலும் ஒன்றாகத் தெரியும். பக்கத்து மோட்டாரின் இரைச்சல் ஓர் இடத்தில் மட்டும் தெரியும். பொதுவானதை வைத்துக்கொண்டு மற்றதை நீக்கிவிடலாம். இன்று உலகெங்கும் இதுவே வழக்கம்.

கடத்துவது எது?

இந்த ஆய்வின் உயிர்நாடி இங்கேதான் இருக்கிறது. ஆழத்தில் பாறையின் பெரும்பகுதி மின்சாரத்தைக் கடத்தாத கனிமங்களால் ஆனது. குவார்ட்ஸ், ஃபெல்ஸ்பார், ஆலிவின் போன்றவை அவை. நாம் அளக்கும் மின்னோட்டத்தைச் சுமப்பது அந்தக் கனிமமணிகளின் இடுக்குகளில் இருக்கும் சிறிதளவு பொருள். அது உவர்நீராக இருக்கலாம், உருகிய பாறைக்குழம்பாக இருக்கலாம், மெல்லிய கிராஃபைட் படலமாகவோ சல்பைடு கனிமமாகவோ இருக்கலாம். மொத்தப் பாறையில் ஒரு விழுக்காடு, சில இடங்களில் அதற்கும் குறைவு. ஆயினும் மின்தடை எண்ணை ஆயிரம் மடங்கு குறைத்துவிட அது போதும்.

ஒரே ஒரு நிபந்தனை உண்டு. அந்தச் சிறிதளவு பொருள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும். வயலில் தண்ணீர் அங்கங்கே குட்டையாகத் தேங்கினால் கடைமடை காய்ந்துதான் கிடக்கும். அதே அளவு தண்ணீர் விரலகல வாய்க்காலாக இணைந்துவிட்டால் கடைசி வயல் வரை போய்ச் சேரும். பாறைக்குள் மின்சாரமும் அப்படித்தான். தனித்தனிக் குமிழியாகச் சிறைப்பட்ட நீர் மின்சாரத்துக்கு வழி தருவதில்லை. மணிகளின் விளிம்பை ஒட்டி இழையிழையாகப் பரவிய உருகல், அளவில் மிகக் குறைவாக இருந்தாலும் வழி தருகிறது.

பாறையின் வலிமையைத் தீர்மானிப்பதும் இந்தச் சிறுபான்மைதான். மணிகளுக்கிடையே சில விழுக்காடு உருகல் பரவிவிட்டால், கல்லாக இறுகி நின்ற பாறை வலுவிழந்து நகரத் தொடங்கும். பிளவுக்குள் அழுத்தத்தோடு நீர் நிறைந்தால், இரு பக்கமும் இறுக்கமாகக் கவ்விய பாறை எளிதாக வழுக்கும். ஆகவே எங்கே நன்கு கடத்துகிறதோ அங்கே பாறைக்கோளம் வலுவிழந்திருக்க வாய்ப்பு உண்டு. மின்தடை வரைபடத்தில் தெரிவது வெறும் கனிமக் கணக்கு மட்டுமன்று. கண்டம் எங்கே நெகிழும், எங்கே நிலைக்கும் என்பதற்கான தடயங்களும் அதில் உண்டு.

இந்த விளக்கத்தைத் துளையிட்டுச் சோதித்துப் பார்க்க ஒரு வாய்ப்பு ஜெர்மனியில் அமைந்தது. பவேரியாவின் விண்டிஷெஷென்பாக் ஊரில் கேடிபி என்னும் ஆழ்துளைத் திட்டம் 1994-இல் 9,101 மீட்டரை எட்டியது. அந்த வட்டாரத்தின் ஆழத்தில் நன்கு கடத்தும் பகுதிகள் இருப்பதை மின்காந்த ஆய்வுகள் முன்பே காட்டியிருந்தன. துளை உள்ளே சென்றபோது, பாறை நொறுங்கி உராய்ந்த பட்டைகளில் கிராஃபைட் படிந்திருந்தது. திறந்த வெடிப்புகளில் உப்பு மிகுந்த நீரும் கிடைத்தது. அத்தனை ஆழத்தில் நீர் பாயும் வெடிப்பு மூடிப்போயிருக்கும் என்று பலரும் நினைத்திருந்த காலத்தில், தரையில் நின்று அளந்தவர்களின் கணிப்புக்குக் கல்லே சாட்சி சொன்னது.

திபெத்தின் அடியில்

இந்த முறை தந்த கண்டுபிடிப்புகளில் நம் துணைக்கண்டத்தோடு நேரடித் தொடர்புடையது திபெத்தில் நிகழ்ந்தது. ஏறத்தாழ ஐந்து கோடி ஆண்டுகளுக்கு முன்பு இந்தியத் தட்டு ஆசியாவோடு மோதியது. அந்த மோதல் இன்னும் ஓயவில்லை. திபெத்தின் மேலோடு சாதாரணக் கண்ட மேலோட்டைப் போல் இருமடங்கு, ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தடிமன் கொண்டது. இவ்வளவு பெரிய பாரம் எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்பதே கேள்வி.

இன்டெப்த் என்ற பன்னாட்டுக் கூட்டுத் திட்டம் 1990-களில் திபெத்தில் இறங்கியது. தெற்குத் திபெத்தில் 15 முதல் 20 கிலோமீட்டர் ஆழத்தில் நிலநடுக்க அலைகள் பளிச்சென்று எதிரொளித்த இடங்களை முதலில் கண்டார்கள். அங்கே இருப்பது நீரா, உருகலா, வேறு பாறையா என்று அலைகள் மட்டும் கொண்டு சொல்ல இயலவில்லை. 1996-இல் வெளியான மின்காந்த ஆய்வின் முடிவு, அதே ஆழத்தில் மேலோடு மிக நன்றாக மின்சாரத்தைக் கடத்துவதைக் காட்டியது. தொடர்ந்து வடக்கே நீட்டிய அளவைகள், அது ஓர் இடத்துச் செய்தி அன்று என்பதை உறுதிப்படுத்தின. 2005-இல் மார்ட்டின் அன்ஸ்வொர்த் குழுவினர் கிழக்குத் தீர்க்கரேகை 77 டிகிரி முதல் 92 டிகிரி வரை கிடைத்த தரவுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். பீடபூமியின் தெற்கு விளிம்பு நெடுக, ஆயிரம் கிலோமீட்டருக்குக் குறையாமல், பகுதியளவு உருகிய அடுக்கு ஒன்று பரவியிருப்பதாக முடிவுக்கு வந்தார்கள்.

இதன் பொருள் பெரிது. உலகின் கூரை என்று நாம் சொல்லும் நிலம், உள்ளே முழுவதும் இறுகிய கல்லாக இல்லை. நடு ஆழத்தில் வலுவிழந்த ஓர் அடுக்கு இருக்கிறது. அது பாகு போல் மிக மெதுவாகப் பெயரக்கூடியது. கிழக்குத் திபெத்தில் 2010-இல் வெளியான இன்னோர் ஆய்வு, 20 முதல் 40 கிலோமீட்டர் ஆழத்தில் நன்கு கடத்தும் இரண்டு நீண்ட பட்டைகளைக் கண்டது. அவை 800 கிலோமீட்டருக்கும் மேல் நீண்டு தென்மேற்குச் சீனா வரை போகின்றன. பீடபூமியின் கீழ் நெருக்கப்பட்ட மேலோடு அந்த வழியாகக் கிழக்கே வெளியேறுகிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

இமயத்தின் இந்தியப் பக்கத்திலும் இதே கேள்விகள் கேட்கப்பட்டன. 1979-இல் இந்தியாவின் வடமேற்கில் வரிசையாக வைத்த காந்தமானிகள், கங்கைச் சமவெளியிலிருந்து இமயத்தை நோக்கி, மலைத்தொடருக்குக் குறுக்காகச் செல்லும் ஒரு கடத்துப் பட்டையைக் காட்டின. உத்தராகண்டில் ரூர்க்கியிலிருந்து கங்கோத்ரி வரை அளந்தபோது, மேலோட்டுக்குள் நன்கு கடத்தும் பகுதி ஒன்று தெரிந்தது. சிறிய, நடுத்தர நிலநடுக்கங்கள் அதை ஒட்டியே குவிந்திருப்பது கவனத்துக்குரியது. மலையடியில் சரியும் பாறைகளிலிருந்து பிழிந்து வெளியேறும் நீர் அந்த நடுக்கங்களில் பங்கு வகிக்கிறது என்ற கருத்துக்கு இது வலுச் சேர்க்கிறது.

கில்லாரியும் பாக் நீரிணையும்

நிலைத்த நிலம் என்று நம்பப்பட்ட தக்காணத்தில் 1993 செப்டம்பர் 30 அதிகாலை, மகாராஷ்டிரத்தின் கில்லாரி வட்டாரம் குலுங்கியது. ஆயிரக்கணக்கானோர் உறக்கத்திலேயே மடிந்தார்கள். தட்டுகளின் விளிம்பிலிருந்து வெகு தொலைவில் இருக்கும் அந்த இடம் ஏன் நடுங்க வேண்டும்? ஹைதராபாதின் தேசியப் புவி இயற்பியல் ஆராய்ச்சி நிறுவனத்தினர் அங்கே அளந்தபோது, ஏறத்தாழ 340 மீட்டர் எரிமலைப் பாறைக்குக் கீழே, மிகப் பழைய கடத்தாத பாறைக்குள், சில கிலோமீட்டர் ஆழத்தில் நன்கு கடத்தும் பகுதி தெரிந்தது. அங்கே நீர்மம் தேங்கிப் பாறையை வலுவிழக்கச் செய்திருக்கலாம் என்று அவர்கள் விளக்கினார்கள். பழைய நிலத்திலும் வலுவற்ற இடங்கள் இருக்கலாம். அவற்றை முன்கூட்டித் தேட இந்த முறை உதவும்.

தக்காண எரிமலைப் பாறை இன்னொரு வகையிலும் இந்த ஆய்வின் களம். குஜராத்தின் சௌராஷ்டிரத்தில் அடுக்கடுக்கான பசால்ட் நிலநடுக்க அலைகளைச் சிதறடித்துவிடும். அதன் அடியில் படிவப்பாறை இருக்கிறதா என்று அலைகளைக் கொண்டு அறிவது கடினம். பசால்ட்டைவிடப் படிவப்பாறை நன்கு கடத்துவதால், மின்காந்த முறையில் அந்த அடுக்குத் தெளிவாகப் பிரிந்து தெரிகிறது. எண்ணெய் தேடுவோருக்கு இது பயன்மிக்க செய்தி.

தமிழ்நாட்டுக்கு இந்த அறிவியலில் தனி இடம் உண்டு. காந்த நடுக்கோடு திருநெல்வேலிக்கு அருகே செல்கிறது. அதன் மேலே, ஏறத்தாழ 105 கிலோமீட்டர் உயரத்தில், பகல் முழுவதும் அயனிமண்டலத்தில் பலமான மின்னோட்டம் ஒன்று பட்டையாகப் பாய்கிறது. அதை ஆராயும் இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் திருநெல்வேலியில் இயங்குகிறது. மின்காந்த ஆய்வாளருக்கு இந்த மின்னோட்டம் ஒரு சவால். திகொனோவும் கான்யாரும் அலை வெகு தொலைவிலிருந்து சீராக வருகிறது என்று கொண்டே கணக்கிட்டார்கள். தலைக்கு மேலேயே குறுகிய பட்டையாக ஓடும் மின்னோட்டம் அந்தச் சீரைக் குலைத்துவிடும். தெற்கே நீண்ட அலைவு நேரங்களில் அளப்பவர்கள் பகல் பதிவையும் இரவுப் பதிவையும் பிரித்து ஆராய வேண்டியிருக்கிறது.

இந்தத் தென்கோடியில்தான் ஒரு புதிரும் இருக்கிறது. தமிழகக் கடற்கரைக் காந்த நிலையங்களில் செங்குத்துத் திசையில் காந்தப்புலம் வழக்கத்துக்கு மாறாக அசைவதை 1970-களிலேயே கவனித்தார்கள். பாக் நீரிணையின் வழியே மின்னோட்டம் நெருங்கிக் குவிந்து ஓடுவதாக அது காட்டியது. அங்கே கடல் மிகவும் ஆழம் குறைந்தது. அந்த மெல்லிய நீரடுக்கால் மட்டும் அவ்வளவு மின்னோட்டத்தைச் சுமக்க முடியாது என்று கருதிய ஆய்வாளர்கள், நீரிணையின் அடியில் மேலோட்டிலோ கவசத்தின் மேற்பகுதியிலோ நன்கு கடத்தும் பகுதி இருக்க வேண்டும் என்று முன்வைத்தார்கள். தமிழகமும் இலங்கையும் ஒரே நிலமாக இருந்து பிரிந்தபோது பாறைக்கோளம் மெலிந்த வடுவாக அது இருக்கலாம்.

வைரமும் செம்பும்

கடத்தாத பாறைக்கும் சொல்வதற்குச் செய்தி உண்டு. தென்னாப்பிரிக்காவின் காப்வால் போன்ற தொல்நிலங்களின் அடியில் பாறைக்கோளம் குளிர்ந்து, உலர்ந்து, 200 கிலோமீட்டருக்கும் ஆழமாக வேரூன்றி நிற்கிறது. சாம்டெக்ஸ் என்ற திட்டம் 2003 முதல் தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா எங்கும் நூற்றுக்கணக்கான நிலையங்களில் அளந்து, இந்த வேர்களின் எல்லைகளை வரைந்தது. வைரம் நிலைத்திருக்க ஏறத்தாழ 150 கிலோமீட்டர் ஆழமும், அந்த ஆழத்திலும் அடங்கிய வெப்பமும் வேண்டும். தடித்த, குளிர்ந்த, மின்சாரம் கடத்தாத வேர் எங்கே இருக்கிறது என்று தெரிந்தால், வைரத்தை எங்கே தேடலாம் என்பதும் தெரியும்.

ஆஸ்திரேலியாவின் ஒலிம்பிக் டாம் சுரங்கம் செம்பும் யுரேனியமும் தங்கமும் தருவது. அதன் அடியில் அளந்தபோது, மேலோட்டின் ஆழத்திலிருந்து சுரங்கத்தை நோக்கி மேலெழும் கடத்துப் பாதைகள் தெரிந்தன. மிகப் பழங்காலத்தில் உலோகத்தைச் சுமந்துவந்த சூடான நீர்மங்கள் ஏறிய தடம் அது என்று கிரஹாம் ஹெயின்சன் குழுவினர் விளக்கினார்கள். இத்தகைய பலன்களை எண்ணியே அந்நாடு முழுவதும் ஏறத்தாழ 55 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையம் அமைத்து அளக்கும் பணி நடந்துவருகிறது.

பாறைக்கோளத்தின் அடி எல்லையே ஒரு பெரிய கேள்வி. தட்டுகள் எதன்மேல் வழுக்கிச் செல்கின்றன? நிகராகுவா கரைக்கு அப்பால் கடலடியில் கருவிகளை இறக்கி அளந்த ஆய்வு 2013-இல் வெளிவந்தது. கோகோஸ் தட்டின் அடியில், 45 முதல் 70 கிலோமீட்டர் ஆழத்தில், உருகல் நிறைந்த அடுக்கு ஒன்று கிடப்பதை அது காட்டியது. தட்டுக்கும் அதன் கீழிருக்கும் கவசத்துக்கும் இடையே உராய்வைக் குறைப்பது இத்தகைய அடுக்காக இருக்கலாம்.

எல்லைகள்

இந்த முறையை முழுமையாக மதிக்க வேண்டுமானால் அதன் எல்லைகளையும் சொல்லியாக வேண்டும். மெல்லியதாக இருந்து மிக நன்றாகக் கடத்தும் அடுக்கும், தடித்ததாக இருந்து ஓரளவு கடத்தும் அடுக்கும் தரையில் ஏறக்குறைய ஒரே அளவையே தரும். கடத்தும் அடுக்கின் மேல்விளிம்பு கூர்மையாகத் தெரியும். அடிவிளிம்பு மங்கலாகவே தெரியும். மேற்பரப்பில் கிடக்கும் சிறிய களிமண் திட்டுகூட ஆழத்துக் கணக்கைக் குலைக்கும். ஒரே தரவுக்குப் பல பாறை அமைப்புகள் பொருந்தக்கூடும் என்பதால், முப்பரிமாணக் கணிப்புகளைப் பலமுறை மாற்றி மாற்றிச் சோதிக்க வேண்டும்.

கடத்துவது நீரா, உருகலா, கிராஃபைட்டா என்று மின்தடை எண் தானாகச் சொல்லாது. அதற்கு வேறு சாட்சிகள் வேண்டும். இளமையான, சூடான மலைத்தொடரில் உருகலும் நீரும் இயல்பு. குளிர்ந்த தொல்நிலத்தில் உருகல் இருக்க முடியாது. நீரும் பல கோடி ஆண்டுகள் தங்குவது அரிது. அங்கே கிராஃபைட் பக்கம்தான் எண்ணம் சாயும். நிலநடுக்க அலை, வெப்பப் பாய்வு, ஈர்ப்பு அளவை, ஆய்வுக்கூடத்தில் உயர் அழுத்தத்தில் பாறையைச் சூடாக்கிச் செய்யும் சோதனை ஆகிய அனைத்தும் ஒன்றுசேரும்போதுதான் முடிவு உறுதிப்படும்.

நமக்கு வேண்டியது

1989 மார்ச் 13 அன்று சூரியப் புயலால் நிலத்தில் எழுந்த மின்னோட்டம் கனடாவின் கியூபெக் மாநில மின்கட்டமைப்பை வீழ்த்தியது. அறுபது லட்சம் மக்கள் ஒன்பது மணி நேரம் இருளில் இருந்தார்கள். அடியில் கிடப்பது கடத்தாத தொல்பாறை என்பதால் அங்கே மின்புலம் ஓங்கியது. அமெரிக்கா 2006-இல் தொடங்கி, 70 கிலோமீட்டருக்கு ஒன்றாக நிலையம் வைத்து நாட்டின் பெருநிலம் முழுவதையும் 2024-இல் அளந்து முடித்தது. கண்டத்தின் பாறைக்கோளத்தை அறியத் தொடங்கிய பணி, எந்த மின்வழித்தடம் சூரியப் புயலில் ஆபத்துக்குள்ளாகும் என்று கணக்கிடவும் இப்போது பயன்படுகிறது.

இந்தியாவிலும் இமயம் முதல் குமரி வரை, ஒரே சீரான இடைவெளியில், ஒரே முறையில் அளந்து முடிக்க வேண்டும் என்பது என் விருப்பம். தனித்தனி வழித்தடங்களில் நம் ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகளாகச் செய்த உழைப்பு அதற்கு அடித்தளமாக இருக்கிறது. நகரமும் மின்ரயிலும் விரிய விரிய, இரைச்சல் இல்லாத நிலம் சுருங்கி வருகிறது. தள்ளிப்போடும் ஒவ்வோர் ஆண்டும் இந்த வேலை கடினமாகும். அளந்த தரவு பல்கலைக்கழக மாணவர் எவரும் எடுத்துப் பயன்படுத்தும்படி திறந்திருக்கவும் வேண்டும். நிலநடுக்க ஆபத்தை மதிப்பிடவும், கனிமங்களைத் தேடவும், லடாக்கின் புகா பள்ளத்தாக்கு போன்ற வெந்நீர் நிலங்களின் வெப்பத்தை மின்சாரமாக்கவும், மின்கட்டமைப்பைக் காக்கவும் அந்த ஒரே தரவு உதவும்.

ஒரு கண்டத்தின் போக்கை நிர்ணயிப்பவை அதன் பாறை இடுக்குகளில் கிடக்கும் மிகச் சிறிதளவு நீரும் உருகலும். அவற்றைத் தேடிக் கண்டுபிடிக்கும் வழி மனிதர் கையில் இருக்கிறது. அலைகளை வானம் இலவசமாகத் தருகிறது. பொறுமையோடு கருவியைப் பதித்துக் காத்திருக்கும் இளைஞர்களையும், அவர்களுக்குப் பல ஆண்டுகள் தொடர்ந்து துணைநிற்கும் நிறுவனங்களையும் தரவேண்டியது நாம்தான்.